108 மணி, 100 உரு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை விடமாட்டார்கள் அல்லவா, காந்தி சிலைப் பக்கம் நடந்தபடியே உருப்போட எனக்கு அதுதான் தோதான நேரம். ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரம்: ஆறே அசை. கருணையின் வடிவான அவலோகிதேசுவரருக்கு உரியது. அதனால் கஷ்டத்தில் இருக்கும் யாராவது ஒருவரை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். திபெத்தியர் வாயில் ‘பேமே’ என்று வரும், தப்பில்லை. மணியும் பத்மமும் நமக்குத் தெரிந்த சொற்கள்தானே!

மாலையை இடது கையில் பிடித்து, கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாக உங்கள் பக்கம் தள்ளுங்கள். 108 மணி உருட்டினாலும் கணக்கில் 100தான். மீதி எட்டு, விட்டுப்போனதற்கும் தப்பாகச் சொன்னதற்கும். குரு மணி (மாலையின் முடிச்சில் தனியாக இருக்கும் மணி) வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ளுங்கள். சத்தம் வேண்டாம், உதடு அசைந்தால் போதும். சுண்டல்காரரும் திரும்பிப் பார்க்கமாட்டார்.