சாப்பாட்டுக் காட்சியில் குளோசப் எங்கே வீணாகிறது? ஷாட் பிரிக்கும்போது நேரும் தவறுகள்

குறும்படம் எடுக்கக் கிளம்பும் புதியவர்கள் பலரின் ஷாட் பட்டியலை வாங்கிப் பார்த்தால், முதலில் இடம் முழுவதும் தெரியும் ஒரு வைடு, பிறகு இருவரும் தெரியும் மிட் ஷாட், பிறகு இவருக்கொரு குளோசப், அவருக்கொரு குளோசப் என்று எல்லாக் காட்சிகளுக்கும் ஒரே வரிசைதான் எழுதப்பட்டிருக்கும். காட்சி கல்யாண வீட்டில் நடந்தாலும் மருத்துவமனை வராந்தாவில் நடந்தாலும் அந்த வரிசை மாறுவதில்லை. ஷாட்டுகளின் பெயர்கள் இன்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காட்சி யாருடையது என்பதை முடிவு செய்வதற்கு முன்பே கேமராவை எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்குவதுதான் சிக்கல்.

ஓர் எளிய காட்சியை எடுத்துக்கொள்வோம். மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. இரவுச் சாப்பாட்டின்போது, தரையில் எதிரெதிரே அமர்ந்திருக்கையில், அவள் அதை அப்பாவிடம் சொல்கிறாள். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவர், "நல்லதும்மா" என்கிறார். ஆனால் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிடுகிறது.

இதில் அடிக்கடி நேரும் முதல் தவறு, மகளின் முதல் வசனத்திலேயே குளோசப்புக்குப் போய்விடுவது. முதல் வரியிலிருந்தே இரண்டு முகங்களும் திரையை நிறைத்துக்கொண்டிருந்தால், கை நிற்கும் அந்த நொடிக்கு இன்னும் நெருங்கிச் செல்ல இடமிருக்காது. முகத்தைக் காட்டினாலே உணர்ச்சி வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இதற்குக் காரணம். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறாண்டுகளுக்கு முன் செய்ததாகச் சொல்லப்படும் சோதனையில், நடிகர் ஒருவரின் சலனமற்ற ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புடனும், ஒரு சவப்பெட்டியுடனும், ஒரு பெண்ணுடனும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்களாம். முகத்துக்கு முன்னும் பின்னும் எது வருகிறது என்பதைப் பொறுத்தே முகம் பேசுகிறது. நம் காட்சியில், நின்றுபோன கையை மட்டும் தனியே காட்டும் ஓர் இன்சர்ட்டும், அதைக் கவனித்துவிட்ட மகளின் முகத்துக்கு ஒரு குளோசப்பும் போதும். அப்பாவின் கண்களை நெருங்கிக் காட்டவே வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு முகம் தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பின்னணியில் கொடியில் தொங்கும் துணிகளையும் அலமாரிச் சாமான்களையும் அப்புறப்படுத்தினால், மிட் ஷாட்டிலேயே முகம் சிறிய திரையில் நன்றாகத் தெரியும்.

கைப்பேசியால் படமெடுப்பவர்கள் குளோசப்புக்காக அதை முகத்துக்கு ஓரடி தூரத்தில் நீட்டுவது இன்னொரு தவறு. பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை கேமரா ஏறத்தாழ 24 மி.மீ. லென்சுக்கு நிகரான வைடு பார்வை கொண்டது. அதை அவ்வளவு பக்கத்தில் வைத்தால் மூக்கு புடைத்து, காதுகள் பின்வாங்கி, துக்கத்தில் இருப்பவர்கூடக் கேலிச்சித்திரம்போல் ஆகிவிடுவார். இந்தக் கோணலுக்கு லென்சைக் குறை சொல்லிப் பயனில்லை, தூரம்தான் காரணம். ஐந்தாறு அடி பின்னால் போய், கைப்பேசியில் தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் இருந்தால் அதைக் கொண்டும், பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவாக இருந்தால் 85 மி.மீ. லென்சைக் கொண்டும் எடுத்தால் முகம் முகமாக இருக்கும்.

படப்பிடிப்பில் கண்ணுக்குத் தெரியாமல், எடிட்டிங்கில் மட்டும் பல்லைக் காட்டும் தவறு ஒன்று உண்டு. பேசும் இருவருக்கும் நடுவே ஒரு கோடு ஓடுவதாகக் கொண்டு, கேமராவை அதன் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்வதை 180 டிகிரி விதி என்பார்கள். படப்பிடிப்புத் தளத்தில் அதன் பெயர் 'இமேஜினரி லைன்'. இதைத் தாண்டினால் 'லுக்' மாறிவிடும், அதாவது எதிரெதிரே இருப்பவர்கள் இருவரும் திரையில் ஒரே திசையைப் பார்ப்பார்கள். என் முதல் குறும்படத்தில் இதே போன்ற ஒரு சாப்பாட்டுக் காட்சி இருந்தது. அறை சிறியது, பீரோ இடித்தது, அப்பாவின் ஷாட்டுக்கு மட்டும் கேமராவைக் கோட்டின் மறுபக்கத்துக்கு நகர்த்திவிட்டோம். எடிட்டிங்கில் பார்த்தால் இருவரும் வேறு யாரிடமோ பேசுவதுபோல் இருந்தது. ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள், திருப்பினோம். திசை சரியாகிவிட்டது, ஆனால் அப்பா இடக்கையால் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தினக்காட்டியின் எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தன. நம் ஊர்ப் பார்வையாளர்கள் தினக்காட்டியை விட்டாலும் கையை விடமாட்டார்கள். சேலை முந்தானை, சட்டைப் பை, ஒற்றை மூக்குத்தி என்று திருப்பியதைக் காட்டிக்கொடுக்க ஒவ்வொரு ஷாட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும்.

இதற்குத் தீர்வு மலிவானது. முதல் ஷாட் வைப்பதற்கு முன் ஒரு தாளில் இருவருக்கும் இரண்டு வட்டமிட்டு, நடுவே கோடிழுத்து, கேமரா நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பீரோ இடித்தால் பீரோவை நகர்த்தலாம், அல்லது ஆட்களையே சற்றுத் தள்ளி உட்காரவைக்கலாம். கோட்டைத் தாண்டியே ஆக வேண்டுமென்றால், ஓடும் ஷாட்டிலேயே கேமரா நகர்ந்து மறுபக்கம் போவதைப் பார்வையாளர் பார்க்க வேண்டும், அல்லது ஒரு பாத்திரம் எழுந்து இடம் மாற வேண்டும். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு இந்த விதியை மதிக்கவில்லையே என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான், ஆனால் அவர் அதைப் படம் முழுக்க ஓர் ஒழுங்காகவே செய்தார், அடுத்தடுத்த ஷாட்டுகளில் ஆட்களின் அளவையும் அவர்கள் ஃபிரேமில் அமரும் இடத்தையும் கவனமாகப் பொருத்தினார். பீரோ இடித்ததற்காக அவர் பெயரை இழுப்பது முறையல்ல.

ஓசுவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. தரையில் அமர்ந்திருப்பவர்களைப் படமெடுக்கக் கேமராவையும் தாழ்வாக வைப்பது அவருடைய வழக்கம். நம் இளைஞர்கள் டிரைபாடை இடுப்பு உயரத்தில் நிறுத்திக்கொண்டு கேமராவைக் கீழே சாய்க்கிறார்கள். தெரியாமலேயே அது டாப் ஆங்கிள் ஆகிவிடுகிறது. அப்பா எளியவராக, பரிதாபத்துக்குரியவராகத் தெரியத் தொடங்குகிறார். அதுதான் நோக்கம் என்றால் சரி. இல்லையென்றால் கேமராவை ஒரு மணையின் மீதோ நான்கு தடிமனான புத்தகங்களின் மீதோ வைத்து, அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு இறக்க வேண்டும்.

சிறிய தவறுகளும் உண்டு. தலைக்கு மேல் அளவுக்கு மீறி வெற்றிடம் விடக் கூடாது. பார்க்கும் திசையில் முகத்துக்கு முன்னால் இடம் விட வேண்டும். முழங்கால், கணுக்கால் போன்ற மூட்டுகளில் ஃபிரேமை வெட்டினால் ஆள் துண்டுபட்டதுபோல் இருக்கும் என்பதால், தொடையின் நடுவிலோ மார்புக்குச் சற்றுக் கீழோ வெட்டுவது நல்லது. டியூப்லைட் தலையிலிருந்து முளைத்ததுபோல் நிற்கவிடக் கூடாது. ஒரே கோணத்தில் அளவை மட்டும் லேசாக மாற்றி அடுத்த ஷாட் எடுத்தால் வெட்டும் இடத்தில் படம் துள்ளும். கோணத்தைக் குறைந்தது 30 டிகிரியாவது மாற்ற வேண்டும்.

திரையின் அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் பலரைக் கெடுக்கிறது. 16:9இல் எடுத்ததை ரீல்ஸுக்காக 9:16ஆக வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. எதிரெதிரே அமர்ந்த அப்பாவும் மகளும் வெளியே போய், நடுவிலிருக்கும் ரசப் பாத்திரம் மட்டும் நிற்கும். சினிமாத் தோற்றத்துக்காக எடிட்டிங்கில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு 2.39:1 ஆக்கினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும், கூடவே உச்சந்தலையும். எந்த விகிதம் என்பதை முன்பே முடிவு செய்து, கேமராத் திரையில் அதற்கான வழிகாட்டிக் கோடுகளைப் போட்டுக்கொண்டுதான் ஃபிரேம் வைக்க வேண்டும்.

மேலே சொன்ன காட்சியை இன்று எடுப்பதானால், கண் மட்டத்தில் இருவரையும் சேர்த்து ஒரு மிட் ஷாட்டில் தொடங்கி, கையின் இன்சர்ட், மகளின் குளோசப், கடைசியாகக் கதவுக்கு வெளியிலிருந்து ஒரு வைடு என்று நான்கே ஷாட்டுகளில் முடித்துவிடுவேன். அந்த வைடில் மட்டும் வசனம் முடிந்தவுடன் 'கட்' சொல்லாமல் பத்து விநாடி ஓடவிடுவேன், அவர் மறுபடி பிசையத் தொடங்கும்வரை.