பியர்டட் டிராகனுக்குக் கால் முறிந்தால் என்ன செய்வது?

எங்கள் முத்து ஒரு பியர்டட் டிராகன், ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்து ஓணான் வகை. தொட்டிக்குள் அரையடி உயரக் கட்டையிலிருந்து விழுந்ததற்கே முன்னங்கால் முறிந்துபோனது. அவ்வளவு உயரத்துக்குக் கால் முறியுமா என்று கேட்பீர்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கண்ணால் மட்டும் பாருங்கள். காலை ஊன்றாமல் இழுத்துக்கொண்டு போகிறதா, வீங்கியிருக்கிறதா, பாதம் கோணலாகத் திரும்பிக் கிடக்கிறதா? மடக்கி நீட்டிச் சோதிக்கவே வேண்டாம். வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து, நெஞ்சையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கித் தூக்கி, துண்டு விரித்த சின்ன டப்பாவில் விடுங்கள். காற்றுத் துளை இருக்கட்டும். அன்றைக்கோ மறுநாளோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும். எலும்பு வெளியே தெரிந்தாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள்.

எலும்பு முறிவு என்றதும் நமக்குப் புத்தூர் கட்டு ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. ஐஸ் குச்சியை வைத்து நானே கட்டினேன். இரண்டு மணி நேரத்தில் விரல்கள் உப்பிவிட்டன, பதறிப்போய் அவிழ்த்தேன். கட்டுவதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். நமக்கான வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் கூடாது.

எக்ஸ்ரே எடுக்கும்போது முறிந்த இடத்தோடு நிற்காமல் மற்ற எலும்புகள் எப்படி இருக்கின்றன என்றும் கேளுங்கள். முத்துவின் படத்தில் எல்லா எலும்பும் மங்கலாகத் தெரிந்தது. கால்சியம் குறைவு, அதனால்தான் அரையடி உயரத்துக்கே கால் முறிந்தது. யூவிபி (வெயிலில் இருக்கும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) ஒளி இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 சேராது, டி3 இல்லாமல் தின்ற கால்சியம் எலும்புக்குப் போகாது. தொட்டிக்கு மேலே எங்கள் யூவிபி விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் இடையில் கண்ணாடி மூடி. கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். பழைய விளக்கிலும் வெளிச்சம் வரும், யூவிபி வராது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியிலிருந்து மணலையும் கட்டைகளையும் எடுத்துவிட்டு டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். வெயில் காய ஒரு தட்டையான ஓடு போதும். இங்கேதான் பலர் கோட்டை விடுவது: ஓணான் தரைக்கு வந்துவிட்டால் விளக்குக்கும் அதற்கும் தூரம் கூடி, சூடு குறைந்துவிடும். சூடில்லாமல் இரை செரிக்காது, எலும்பும் ஒட்டாது. விளக்கையும் இறக்கி, ஓட்டின் மேலேயே தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும்.

இரையைத் தேடி ஓட விடாமல் இடுக்கியில் பிடித்துக் கொடுங்கள். பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுப்பது நல்லது. மிஞ்சிய சிள்வண்டை ராத்திரி உள்ளே விடாதீர்கள், ஓணானையே கடிக்கும். கட்டு நனையக்கூடாது என்பதால் குளியல் கிடையாது. தினமும் காலையில் விரல் நுனிகளைப் பாருங்கள். வீங்கினாலோ கறுத்தாலோ கட்டு இறுக்கம், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எலும்பு கூடுவதற்குக் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம், சிலதுக்கு மாதக்கணக்கில். மறு எக்ஸ்ரே பார்க்காமல் ஏற விடாதீர்கள். முத்துவுக்குக் கட்டு பிரித்த பிறகும் இரண்டு வாரம் அந்தக் கட்டையைத் தரையோடு படுக்கப்போட்டுத்தான் வைத்திருந்தோம்.