மலைக்கோட்டைக்குக் காட்டு வழியே நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு மலைக்கோட்டையின் உடைந்த மதிலில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து இளைஞர்கள் வந்தார்கள். படம் எடுத்தார்கள், கத்தி எதிரொலி கேட்டார்கள். பிறகு ஒருவர் மதிலுக்கு அப்பால் எட்டிப்பார்த்து, "அதோ நம் வண்டி தெரிகிறதே, எதற்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்?" என்றார். எனக்கு இடது மணிக்கட்டு வலித்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், தேய்ந்த செருப்போடு போகாதீர்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யாதவருக்கு நான் எழுதிப் பயனில்லை.

கிலோமீட்டரை மட்டும் பார்த்து நேரம் கணிப்பது

"நான்கு கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரம் போதும்." சமதளத்தில் போதும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவுகளில் அது இப்படி வரும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நான்கு கிலோமீட்டர் நடையில் 300 மீட்டர் ஏற்றம் என்றால் 48 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 78 நிமிடம். அதுவும் பழகியவர் நிற்காமல் நடந்தால். புதியவர்களோடு போகும்போது நான் இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்கிறேன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். கை ஊன்றி ஏறும் பாறைகள் இருந்தால் இன்னும் கூடும்.

இந்தக் கணக்கில் பிசகி, கோட்டையை அடையும்போதே வெயில் சாய்ந்துவிட்டால், அடுத்த தவறுக்கு மனம் தானாகத் தயாராகிவிடும்.

கண்ணுக்குத் தெரிகிறது என்று நேராக இறங்குவது

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு நண்பரும் இப்படித்தான் இறங்கினோம். வேறு மலை, அதே அவசரம். மாலை மூன்றரை மணி. வண்டி நிறுத்திய இடத்தின் தகரக் கூரை கீழே மின்னிக்கொண்டிருந்தது. வந்த பாதையில் திரும்பினால் ஒன்றரை மணி நேரம், நேராக இறங்கினால் இருபது நிமிடம் என்று சொன்னவன் நான்தான்.

முதல் பாறைத்திட்டு ஓர் ஆள் உயரம். உட்கார்ந்து சறுக்கிக் குதித்தோம். இரண்டாவதில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கிக் கீழே விழுந்தோம். மூன்றாவதன் விளிம்புக்குப் போனபோது அதற்குக் கீழே எதுவும் இல்லை. நான்கு மாடி உயரத்துக்குப் பாறை செங்குத்தாக இறங்கியது. மேலிருந்து புதர்கள் என்று நினைத்தவை, அந்தப் பாறையின் அடியில் வளர்ந்த பெருமரங்களின் உச்சிக் கிளைகள். சரி, திரும்பலாம் என்றால், தொங்கி இறங்கிய வேர் இப்போது எட்டாத உயரத்தில் இருந்தது.

நண்பர் என் தோளில் ஏறி வேரைப் பற்றி மேலே போனார். பைகளின் பட்டைகளை முடிந்து கீழே விட்டார். அதைப் பிடித்து ஏறும்போது சறுக்கி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. அந்த இரண்டு திட்டுகளை ஏறி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. வண்டியை அடைந்தபோது இரவு ஒன்பதைத் தாண்டியிருந்தது. நண்பர் வழியெல்லாம் ஒரு சொல்லும் பேசவில்லை. மணிக்கட்டு சில வாரங்களில் கூடிவிட்டது. நண்பர் அதன் பிறகு என்னோடு நடக்க வரவே இல்லை.

விழுந்ததைக்கூட மன்னித்துவிடலாம். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. அந்த உச்சியில் ஏன் கோட்டை கட்டினார்கள்? பாறை விளிம்புகளே பாதி மதிலாக நின்றதால்தான். எதிரிப் படையால் ஏற முடியாது என்று கணித்து விட்டுவைத்த பக்கத்தில் போய் நான் குறுக்கு வழி தேடியிருக்கிறேன். அந்தப் பக்கம் மதில் முழங்கால் உயரமே இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். இடிந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலிருந்து பார்க்கும் கண் ஏன் ஏமாறுகிறது என்றால், பெரும்பாறைகளின் சரிவு பல இடங்களில் பானையின் தோளைப் போன்றது. தட்டையாகத் தொடங்கும், போகப்போகச் சாய்வு கூடும். தோளில் நிற்கும் எறும்புக்குப் பானையின் வயிறு தெரியாது. போதாக்குறைக்கு, ஏறும்போது கண் பார்த்த இடத்தில் கை பிடிக்கிறது. இறங்கும்போது கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் கால் முதலில் போகிறது. சறுக்கியும் குதித்தும் இறங்கிய இடம் ஒருவழிப் பாதை. திரும்ப ஏற முடியாது.

ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும் என்பவர்களும் உண்டு. வரும்தான். ஆனால் தண்ணீர் வழியில் அருவியாகக் குதித்துப் போகும், நம்மால் முடியாது.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர், இன்னும் ஒரு திட்டு இறங்கினால் வழி கிடைக்கும் என்று நம்பக் கூடாது. அங்கேயே உட்கார வேண்டும். நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு. மலைகளில் உதவி கேட்பதற்கான சர்வதேசச் சைகை இது. இருட்டில் டார்ச்சையும் இதே கணக்கில் மின்னவிடலாம். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பொருள்.

அந்த ஐவரிடம் மணிக்கட்டைக் காட்டி இதையெல்லாம் சொன்னேன். நால்வர் கேட்டுக்கொண்டார்கள். ஐந்தாமவர் போனில் வரைபடத்தை நீட்டி, "நேர்க்கோட்டில் நானூறு மீட்டர்தான், சார்" என்றார். அவர் காட்டியது சாலை தேடுகிற வரைபடம். செங்குத்துப் பாறைக்கு அதில் அகலமே கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே பாதை வழியாகத்தான் போனார்.

கருப்புக் கோட்டில் கால் வைப்பது

பாறையில் மேலிருந்து கீழாக ஓடும் கருப்புத் தடங்கள் பெரும்பாலும் நீர் வழியும் இடங்கள். அவற்றில் நுண்பாசி படிந்திருக்கும். காய்ந்திருந்தால் கால் நிற்கும், நனைந்தால் சோப்புக்கட்டி. பாறை மேல் பரவிக் கிடக்கும் காய்ந்த சருகையும் நம்பாதீர்கள்.

பிரிவுகளில் திரும்பிப் பார்க்காமல் நடப்பது

போகும்போது கண்ணில் படாத கிளைப்பாதை, வரும்போது நேர்ப்பாதையைப் போல எதிரே நிற்கும். பாதை பிரியும் இடத்திலெல்லாம் ஒருமுறை திரும்பி நின்று பார்த்து, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்வெட்டில் சாக்பீஸ் தேய்ப்பது

வேண்டாம். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும்.

"பகல் நடைதானே, டார்ச் எதற்கு?"

அன்று இரவு எங்கள் இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு டார்ச். அது நண்பருடையது.