குளோசிங் தேதி ஏன் தள்ளிப்போகிறது?

டாலஸ் பக்கம் வீட்டுக்கடன் வேலை பார்க்கிறேன். ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று நம்மவர்கள் வீடு வாங்கும் இடங்களில் குளோசிங் (கையெழுத்திட்டு வீட்டு வாங்குதலை முடிக்கும் நாள்) தள்ளிப்போவதற்குக் கிரெடிட் ஸ்கோர் காரணமாக இருப்பது குறைவு. லோன் கிடைத்த மாதிரிதான் என்ற நிம்மதியில் கடைசி சில வாரங்களில் செய்கிற காரியங்கள்தான் காலை வாருகின்றன. பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) அனுப்ப மறப்பது, மெயிலைப் பார்க்காமல் விடுவது போன்றவற்றை உங்கள் லோன் ஆபீசரே நச்சரித்துச் சரிசெய்துவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊரிலிருந்து பணத்தைத் துண்டு துண்டாக வரவழைப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

ஒரு தம்பதி. நல்ல வருமானம், நல்ல ஸ்கோர். டவுன் பேமென்டில் (நாம் கையிலிருந்து கட்டும் முன்பணத்தில்) குறைந்த 40,000 டாலரைக் கோயம்புத்தூரிலிருந்து அப்பா தருவதாக ஏற்பாடு. ஃபைலிலும் அப்படியே எழுதியாயிற்று. அப்பா வங்கிக்குப் போனார். இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்போம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், குடும்பமே கூடி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. அப்பா கொஞ்சம், அம்மா கொஞ்சம், தாய்மாமா கொஞ்சம், சித்தப்பா கொஞ்சம். மாமா மட்டும் ஹூஸ்டனில் இருக்கும் தன் மகன் கணக்குக்கு அனுப்ப, அவர் அதை ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக இரண்டாயிரம், இரண்டாயிரமாக இங்கே தள்ளிவிட்டார்.

இனி அண்டர்ரைட்டர், அதாவது லோனைச் சரிபார்த்து ஒப்புதல் தருபவர், பக்கம் வருவோம். கடைசி இரண்டு மாத பேங்க் ஸ்டேட்மென்டை அவர் வரி வரியாகப் படிப்பார். வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி, லோனுக்குக் கணக்கில் எடுத்த மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும் ஒரு வரவு 'பெரிய வரவு'. அந்தப் பணத்தை வைத்துத்தான் வீடு வாங்குகிறீர்கள் என்றால் அது வந்த வழியைக் காட்டியாக வேண்டும். கிஃப்ட் என்றால் கொடுத்தவர் ஒவ்வொருவரும், திருப்பிக் கேட்க மாட்டேன் என்று கையெழுத்திட்ட கிஃப்ட் லெட்டர் தர வேண்டும். அவர் கணக்கிலிருந்து பணம் கிளம்பியதற்கும் உங்கள் கணக்கில் சேர்ந்ததற்கும் ஆதாரம் வேண்டும்.

ஓர் ஆளோடு முடிய வேண்டியது நாலு பேர், நாலு கடிதம், நாலு கணக்கு என்றாகிவிட்டது. சித்தப்பாவின் கணக்கு கூட்டுறவு வங்கியில், பாஸ்புக் முழுக்கத் தமிழில். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்றோடு கொடுக்க வேண்டியிருந்தது. மாமா கோபித்துக்கொண்டார்: "காசும் கொடுத்து, கணக்கும் காட்டணுமா?" அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அத்தையை விட்டுப் பேச வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குள் ரேட் லாக் (வட்டி விகிதத்தை மாறாமல் பிடித்துவைக்கும் காலம்) முடிந்துபோய், நீட்டிக்கக் கட்டணம் கட்டி, விற்பவரிடம் கெஞ்சித் தேதியை மாற்றி... அவர் மறுத்திருந்தால் எர்னஸ்ட் மணியும் (ஒப்பந்தத்தின்போது கட்டிய அட்வான்ஸ்) சிக்கலில் மாட்டியிருக்கும்.

இத்தனைக்கும் டிசிஎஸ் தொலைந்துபோகிற பணமே அல்ல. அது அப்பாவின் பான் கணக்கில் வரவாகிறது. வருமானவரி தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தை ரீஃபண்டாக வாங்கலாம். சில மாதம் முடங்கும்தான். ஓய்வூதியத்தில் இருப்பவருக்கு அது சுமை என்பதை மறுக்கவில்லை. அப்படியானால் முன்கூட்டியே யோசியுங்கள். அந்தப் பத்து லட்சம் வரம்பு நிதியாண்டுக்கானது. மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று அப்பாவே அனுப்பலாம். பணம் உங்கள் கணக்குக்கு வந்து, இரண்டு முழு ஸ்டேட்மென்ட் கடந்த பிறகு வீடு தேடத் தொடங்கினால் பெரும்பாலும் அதைப் பற்றிக் கேள்வியே எழாது. நடுவில்தான் வந்தாக வேண்டும் என்றால் முடிந்தவரை ஒரே ஆளிடமிருந்து, ஒரே தடவையில், நேராக உங்கள் கணக்குக்கு. வந்த பிறகு அதைச் சேவிங்ஸுக்கும் செக்கிங்குக்கும் மாற்றி மாற்றி விளையாடாதீர்கள்.

நண்பரிடம் வாங்கும் கைமாற்றும் இதே ரகம்தான். ஈடில்லாத கடனை டவுன் பேமென்டாகக் காட்ட முடியாது. 'கிஃப்ட்னு எழுதிக் கொடுடா' என்று அவரையே கையெழுத்துப் போட வைப்பது மோசடி, அதுவும் ஃபெடரல் குற்றம். நண்பர்கள் நடத்தும் சீட்டில் எடுத்த பணத்துக்கோ காகிதமே கிடையாது.

புதுக் கார், புது சோஃபா

சாவி வாங்கிய பிறகு.

வேலை மாற்றம்

அதுவும். குளோசிங்குக்கு முந்தைய பத்து வேலை நாட்களுக்குள் லெண்டர் (கடன் தரும் நிறுவனம்) உங்கள் கம்பெனியில் இன்னொரு முறை விசாரிப்பார்.

துணை ஊருக்குப் போயிருப்பது

ஜூன் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருவர் சென்னை கிளம்பிவிடுவார். லோன் ஒருவர் பெயரில்தானே, மற்றவர் எதற்கு என்று நினைப்பார்கள். டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டின் மேல் கணவன் மனைவி இருவருக்கும் உரிமை உண்டு. அதனால் லோனில் பெயர் இல்லாதவரிடமும் டைட்டில் கம்பெனி (வீட்டின் உரிமையைச் சரிபார்த்துக் குளோசிங்கை நடத்தும் நிறுவனம்) கையெழுத்துக் கேட்கும். பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கலாம். ஆனால் அது அந்த வீட்டைக் குறிப்பிட்டு எழுதியதாக இருக்க வேண்டும், லெண்டரும் டைட்டில் கம்பெனியும் முன்பே பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கோர்ட் வாசல் நோட்டரியின் முத்திரையை நம்பாதீர்கள். பெரும்பாலும் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட் எடுத்து, அசலைக் கூரியரில் அனுப்பும்படி ஆகும். அதற்கு, கிளம்பும் முன் இங்கேயே கையெழுத்திட்டுவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

கூரை

ஆலங்கட்டி மழை ஊர் இது. கூரை பழையது என்றால் சில இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஒதுங்கிக்கொள்ளும், சில தேய்மானம் கழித்துத்தான் தருவோம் என்று சொல்லும். அந்த மாதிரிப் பாலிசியை லெண்டர் ஏற்காமலும் போகலாம். ஆப்ஷன் பீரியட் (ஒப்பந்தத்திலிருந்து விலக உங்களுக்கு இருக்கும் காலம்) முடிவதற்குள் இன்ஷூரன்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

மூன்று நாள் கணக்கு

குளோசிங் டிஸ்க்ளோஷர் (லோனின் இறுதிக் கணக்குத் தாள்) உங்கள் கைக்கு வந்து மூன்று வேலை நாள் ஆனால்தான் கையெழுத்திட முடியும். 2015 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. லெண்டர் நினைத்தாலும் வளைக்க முடியாது. சனிக்கிழமை கணக்கில் சேரும், ஞாயிறும் ஃபெடரல் விடுமுறையும் சேராது. மெயிலில் வந்ததைத் திறந்து 'பெற்றுக்கொண்டேன்' என்று அன்றே அழுத்துங்கள். அழுத்தாமல் விட்டால், அனுப்பி மூன்று வேலை நாள் கழித்துத்தான் கிடைத்ததாகக் கணக்கு. அதற்குமேல் இன்னொரு மூன்று நாள்.

ஆடிக்கு முன்

ஆடி பிறப்பதற்குள் முடித்துக் கொடுங்கள் என்று ஜூலை முதல் வாரத்தில் வந்து நிற்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கிளியர் டு குளோஸ் (லெண்டரின் இறுதி ஒப்புதல்) வராமல் ஐயரிடம் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்காதீர்கள். இன்னொன்று, கையெழுத்துப் போட்டதும் சாவி வந்துவிடாது. லெண்டரின் பணம் டைட்டில் கம்பெனிக்கு வந்து, ஃபண்டிங் ஆனது என்று சொன்ன பிறகுதான். வெள்ளிக்கிழமை மாலை கையெழுத்திட்டால் திங்கள் வரை காத்திருக்க நேரலாம்.

வயர்

வயரில் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக) பணம் அனுப்ப வேண்டிய கணக்கு மாறிவிட்டது என்று டைட்டில் கம்பெனி பெயரில் மெயில் வந்தால் அதை நம்பி அனுப்பாதீர்கள். அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கும் போன் செய்யாதீர்கள். தொடக்கத்தில் நேரில் வாங்கிய எண்ணுக்கு அழைத்து, கணக்கு எண்ணை அவர்கள் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள். போனபிறகு அந்தப் பணத்தை மீட்பது மிகக் கடினம்.