கறுப்பு வட்டத்தை உற்றுப் பார்க்காதீர்கள்

காற்றழுத்தத்தால் பெல்லட் என்ற சிறு குண்டைச் சுடும் ஏர் பிஸ்டல் பழக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் குறி அட்டையின் கறுப்பு வட்டத்தைச் சுடச் சொல்லிவிட்டு அதைப் பார்க்காதே என்றால் எப்படி என்று முறைப்பார்கள். கணக்கைக் காட்டிய பிறகுதான் வழிக்கு வருவார்கள்.

பிஸ்டலின் மேல் குறிபார்க்க உதவும் சைட்டுகள் இரண்டு: கண் பக்கம் பள்ளமுள்ள பின் சைட், குழல் முனைப் பக்கம் முன் சைட். இரண்டுக்கும் இடையே 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால், 10 மீட்டர் தொலைவில் பெல்லட் 30 மில்லிமீட்டர் விலகிவிடும். அட்டையில் அதற்குப் பத்துக்கு 7 புள்ளிதான். இரண்டு சைட்டும் நேராக இருந்து, கை மட்டும் சாயாமல் 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் பெல்லட்டும் அதே 5 மில்லிமீட்டர்தான் நகரும். 10 கைவிட்டுப் போகாது. கை ஆடுகிறதே என்று கவலைப்படுபவர்கள் கவனிக்க வேண்டியது சைட்டை.

ஆகவே, கண் முன் சைட்டின் மேல் விளிம்பில் நிற்கட்டும். அதன் தலையும் பின் சைட்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்று ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். கறுப்பு வட்டம் மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும். வட்டத்தின் நடுவில் குறிவைத்தால் கறுப்பில் கறுப்பு கலந்து சைட்டே காணாமல் போகும். வட்டத்துக்குக் கீழே உள்ள வெள்ளையில், சற்று இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அங்கே குறிவைத்தால் நடுவில் விழும்படி பின் சைட்டைத் திருகி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். ஆனால் ஒரு பெல்லட் தவறியதற்கெல்லாம் திருகாதீர்கள். ஐந்தாறு ஓட்டைகள் ஒரே இடத்தில் கூடினால் மட்டும் கை வையுங்கள்.

விசையை (டிரிகரை) விரல் நேர்பின்னாக, சீராக அழுத்த வேண்டும். வலக்கைக்காரர்களின் ஓட்டைகள் இடப்புறம் கீழே குவிந்தால் பெரும்பாலும் விசையை வெடுக்கென்று இழுத்திருப்பார்கள். எட்டு, பத்து விநாடி ஆகியும் சுடவில்லையா? கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குங்கள். வீம்புக்குச் சுட்ட பெல்லட் நல்ல இடத்தில் விழுந்து நான் பார்த்தது அபூர்வம்.

இனி புள்ளி. 10 வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்; வெளியே போகப் போக ஒவ்வொரு வளையத்துக்கும் விட்டம் 16 மில்லிமீட்டர் கூடும். கறுப்பு 7 வளையம் வரைதான். ஓட்டை கோட்டின் வெளி விளிம்பைத் தொட்டாலே உள்வளையத்தின் புள்ளி உண்டு. பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர் என்பதால், அதன் மையம் அட்டையின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் 10தான்.

சண்டை வருவது இங்கேதான். பெல்லட் போன பிறகு காகிதத்தின் நார் உள்ளே சுருங்கி, ஓட்டை உண்மையை விடச் சிறிதாகத் தெரியும். "தொடவே இல்லை" என்று வெறுங்கண்ணால் தீர்ப்புச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. சந்தேகம் வந்தால் கேஜ் என்ற அளவுக் கருவியைப் போட வேண்டும். கேஜின் தண்டை ஓட்டைக்குள் நேராக இறக்கி, அதன் வட்ட விளிம்பு எந்தக் கோடு வரை வருகிறது என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பார்கள். காகித அட்டைப் போட்டியில் இது நடுவர் குழுவின் வேலை. ஓர் ஓட்டைக்கு ஒரே முறைதான். இரண்டாம் முறை செருகினால் ஓட்டை பெரிதாகிவிடும், அளவுக்கு அர்த்தமில்லை. சுட்டவர் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பதும் கூடாது, அட்டை கெட்டுவிடும்.

ஆட்டத்துக்கு 60 சுடுகள், உச்சம் 600. மொத்தம் சமமானால் 10க்குள்ளே இருக்கும் 5 மில்லிமீட்டர் சிறு வளையத்தை யார் அதிகம் தொட்டார்கள் என்று எண்ணுவார்கள். அதுவும் சமமென்றால் கடைசிப் பத்துச் சுடுகளின் கூட்டுத்தொகை, பிறகு அதற்கு முந்தைய பத்து என்று பின்னோக்கிப் போவார்கள்.

பக்கத்து ஆளின் அட்டையில் சுட்டால்? நடுப்புள்ளியிலேயே விழுந்திருந்தாலும் உங்களுக்குப் பூஜ்யம். எந்த ஓட்டை யாருடையது என்று பிரித்தறிய முடியாவிட்டால், அட்டைக்குரியவருக்கு அவற்றுள் உயர்ந்த புள்ளியைக் கொடுத்துவிடுவார்கள். கையைத் தூக்கும் முன் அட்டையின் எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.