பதிலுரைப் பாடலை மக்கள் பாடவைப்பது

1963இல் வந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு மக்களின் பங்கேற்பைத்தான் முன்வைத்தது. கொழும்பில் பல கோவில்களில் இன்றும், திருப்பலியில் முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலைப் பாடகர் குழாம் பாட, மக்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் சுருதியில்.

குழாமின் பெண்பிள்ளைகளுக்கு வசதியாக ஐந்தரைக் கட்டை என்ற உயர்ந்த சுருதியில் எடுத்தால், பின் வாங்கில் நிற்கும் ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மெட்டு மேல் சட்ஜம் (‘ஸ’) வரை போனால் ஒரு கட்டை. பஞ்சமத்தோடு (‘ப’) நின்றால் நாலு கட்டை. உச்ச ஸ்வரம் கீபோர்டின் ‘சி’, மிஞ்சினால் ‘டி’.

மக்கள் பாடும் பல்லவி ஆறேழு சொல்லுக்குள் இருக்கட்டும். மெட்டமைக்கும்போது குறிலை நீட்டாதீர்கள். ‘ஆண்டவரே என் பலம்’ என்பதில் ‘ப’வை இழுத்தால் ஆண்டவர் பாலமாகிவிடுவார்! இழுக்க வேண்டுமென்றால் ‘ரே’ இருக்கிறது.

திருப்பலிக்குப் பத்து நிமிடம் முன்பு பல்லவியை ஒருவர் தனியாக இரண்டு தரம் பாடிக்காட்டி, மக்களை மூன்று தரம் பாடவிடுங்கள். அப்போது கீபோர்டில் மெட்டு மட்டும் போதும், ரிதம் வேண்டாம். உயர்ந்த கூரைக் கோவிலில் எதிரொலி சொற்களை விழுங்கிவிடும்.

சரணங்களைப் பாடுபவர் வாசக மேடையில் நிற்பது நல்லது. பல்லவி வந்ததும் மைக்கிலிருந்து ஓரடி பின்வாங்க வேண்டும். தன் குரல் ஸ்பீக்கரில் நிறைந்திருக்கும்வரை சனம் பாடாது.

தவக்காலத்தில் வாத்தியம் பாட்டுக்குத் துணை மட்டுமே. நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழாக்களும் விலக்கு.