ஜப்பானிய நிறச்சொற்கள்: முதலில் நாலே நாலு போதும்

ஜப்பானியம் படிக்கத் தொடங்கியதும் பெரும்பாலும் கையில் கிடைப்பது பன்னிரண்டு நிறங்கள் கொண்ட ஓர் அட்டவணை. அதை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். சொற்கள் நினைவில் நிற்கும்தான், ஆனால் ஒரு வாக்கியத்தில் போட்டவுடனே தப்பு வரும், ஏனென்றால் அந்தப் பன்னிரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்கிற சொற்கள் இல்லை. எனக்கும் ஆரம்பத்தில் இந்தத் தப்பு வந்துகொண்டே இருந்தது. வகை பிரித்துப் படித்த பிறகுதான் நின்றது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு. கீழே வரும் ஜப்பானியச் சொற்களில் 'க' எங்கே வந்தாலும் 'கடல்' என்பதில் வரும் அழுத்தமான க ('ங்க' வருகிற ஷிங்கோ, ரிங்கோ இரண்டில் மட்டும் 'தங்கம்' மாதிரி), 'தெஸ்', 'மிதோரி', 'மதா' மூன்றிலும் வருவது 'தேவி'யில் வரும் மெல்லிய த. சாமுராய் என்று எழுதுகிறோமே, அதே 'ஆய்' தான் அகாய் போன்ற சொற்களின் முடிவிலும்.

படி 1: நாலு பழைய நிறங்கள்

சிவப்பு அகாய், வெள்ளை ஷிரோய், கருப்பு குரோய், நீலம் அஓய்.

அஓய் சொல்லும்போது கவனம். தமிழ் நாக்கு இரண்டு உயிரெழுத்து சேர்ந்து வந்தால் நடுவில் தானாகவே ஒரு உடம்படுமெய்யைப் போட்டுவிடும், அதனால் 'அவோய்' என்று வந்துவிடுகிறது. அ சொல்லி, உதட்டைக் குவித்து, இடையில் வகரம் இல்லாமல் ஓ சொல்லுங்கள். பத்துத் தடவை சொன்னால் வந்துவிடும்.

இந்த நாலையும் பொருளுக்கு முன்னால் அப்படியே வைக்கலாம். கஸ என்றால் குடை, அகாய் கஸ என்றால் சிவப்புக் குடை. கார் என்பதற்கு அங்கே குருமா என்று பெயர் (நம் பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்வதே தான், ஒரு தடவை கேட்டால் மறக்காது), ஆகவே ஷிரோய் குருமா என்றால் வெள்ளைக் கார். 'இந்தக் குடை சிவப்பு' என்று சொல்ல வேண்டுமானால் கொனொ கஸ வ அகாய் தெஸ். வார்த்தை வரிசை தமிழ் மாதிரியே வருவதைப் பாருங்கள். இந்த, குடை, சிவப்பு.

படி 2: இறந்த காலமும் 'இல்லை'யும்

இங்கேதான் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானியத்தில் இந்த நாலு நிறங்களும் வினைச்சொல் மாதிரி காலம் காட்டும். அகாய் என்பதன் கடைசி இகரத்தை எடுத்துவிட்டு 'கத்தா' சேர்த்தால் இறந்த காலம்: அககத்தா, சிவப்பாக இருந்தது. 'குனாய்' சேர்த்தால் எதிர்மறை: அககுனாய், சிவப்பாக இல்லை. அதே மாதிரி ஷிரோகத்தா, ஷிரோகுனாய், குரோகத்தா, குரோகுனாய்.

நிறம் எப்படிக் காலம் காட்டும் என்று ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் குழம்புவார்கள். நமக்கு அந்தக் குழப்பமே தேவையில்லை. முகம் சிவந்தது, வெயிலில் கறுத்தது, துணி வெளுத்தது என்று தினமும் சொல்கிறோம். பசந்தது என்பது இப்போது பேச்சில் இல்லை, பழைய பாட்டில் உண்டு. ஆனால் ஊதா, ஆரஞ்சு இவற்றை இப்படி நீட்டி 'ஊதாந்தது' என்று யாரும் சொல்வதில்லை. தமிழில் வெளுத்தல், கறுத்தல், சிவத்தல், பசத்தல். ஜப்பானியத்தில் ஷிரோய், குரோய், அகாய், அஓய். இரண்டு மொழியிலும் பழைய நிறங்கள் இந்த நாலு, காலம் காட்டி வளைகிறவையும் இவைதான் (ஜப்பானியத்தில் பிறகு சேர்ந்துகொண்ட இரண்டு படி 3-இல் வரும்). இதைப் பிடித்துக்கொண்டால் படி 3, 4 இரண்டும் சுலபம்.

(இதைக் கண்டு இரண்டு மொழிக்கும் ரத்த உறவு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஜப்பானிய அறிஞர் ஸுஸுமு ஓனோ அப்படி வாதிட்டவர், மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. குரோ, கரு என்ற ஒலி ஒற்றுமையை நினைவில் வைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.)

படி 3: 'இரோ' ஒட்டிக்கொண்ட இரண்டு

இரோ என்றால் நிறம். மஞ்சள் கீரோய், பழுப்பு சாஇரோய். உள்ளே இரோ இருப்பது தெரிகிறதா? சா என்றால் தேநீர், ஆக சாஇரோ என்பது தேநீர் நிறம், வெள்ளைத் துணியைத் தேயிலைச் சாற்றில் முக்கி எடுத்தால் வருகிற அந்தப் பழுப்பு. இவை இரண்டும் படி 2-இன் விதிப்படியே வளையும், கீரோகத்தா, கீரோகுனாய். அவ்வளவுதான், இந்தப் படியில் வேறெதுவும் இல்லை.

படி 4: 'நொ' கேட்கிற கூட்டம்

பச்சை மிதோரி, ஊதா முரஸகி. இவற்றின் வாலில் ய் போட்டு 'மிதோரிய் கஸ' என்று சொல்லக் கூடாது. மிதோரி நொ கஸ, முரஸகி நொ கஸ என்று நடுவில் 'நொ' வர வேண்டும். 'இல்லை' என்பதும் வேறு: மிதோரி ஜா நாய்.

ஏன் என்று தெரிந்தால் மறக்காது. இவை முதலில் நிறத்தின் பெயர்களே இல்லை. மிதோரி என்பது பழைய காலத்தில் துளிர், முளை. முரஸகி என்பது ஒரு செடி, அதன் வேரிலிருந்து ஊதாச் சாயம் எடுப்பார்கள். பொருளின் பெயர் நிறத்துக்கு ஆகி வந்திருக்கிறது, அதனால் இலக்கணத்தில் இன்னும் பெயர்ச்சொல்லாகவே நிற்கிறது. (ஸுஷி கடையில் 'முரஸகி' என்று காதில் விழுந்தால் அது சோயா சாஸ். கடைக்காரர்கள் வழக்கு.)

இதே கூட்டத்தில் இன்னும் நிறைய உண்டு, எல்லாமே நாம் ஜவுளிக்கடையில் கிளிப்பச்சை, மயில்கழுத்து, வெங்காயத்தோல் என்று கேட்பது போலத்தான். ஹாய்இரோ சாம்பல் நிறம், நெஸுமிஇரோ எலி நிறம், மொமொஇரோ பீச் பூ நிறம் அதாவது இளஞ்சிவப்பு, மிஸுஇரோ தண்ணீர் நிறம் அதாவது வெளிர்நீலம். எல்லாவற்றுக்கும் நொ. ஆங்கிலத்திலிருந்து போன பின்க்கு, ஒரென்ஜி இரண்டுக்கும் அதே நொ.

படி 5: அஓ, நீலமா பச்சையா?

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். அஓ என்றால் நீலம் என்று மட்டும் எழுதி வைத்தீர்களானால் ஜப்பானில் முதல் சாலைச் சந்திப்பிலேயே திகைத்து நிற்பீர்கள். அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிக்கு நடந்து போவார்கள். விளக்கு மாறியதும் அதில் ஒரு குழந்தை கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு "அஓ!" என்று சொல்லிவிட்டுக் கோட்டில் கால் வைக்கும். நீங்கள் நிமிர்ந்து பார்த்தால் எரிவது பச்சை விளக்கு.

சிக்னலின் பச்சைக்கு அங்கே அஓஷிங்கோ என்றுதான் பெயர். டோக்கியோவின் ஹிபியா சந்திப்பில் 1930-இல் மூவண்ண விளக்கு வந்தபோது சட்டத்தில் பச்சை என்றுதான் இருந்தது, மக்கள் வாயில் அஓ என்று நிலைத்துவிட்டது, 1947-இல் சட்டமும் அஓ என்று மாற்றிக்கொண்டது. பச்சை ஆப்பிள் அஓரிங்கோ, இளந்தளிர் அஓபா. பழைய ஜப்பானியத்தில் நீலம், பச்சை இரண்டையும் அஓ ஒன்றே தாங்கியது, மிதோரி பிறகு வந்து பங்கு கேட்டது. ஆகவே இயற்கையில் இளசாக, காயாக இருக்கிற பச்சைக்கு அஓ, பச்சைக் குடை, பச்சைச் சட்டைக்கு மிதோரி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. சிக்னல் மட்டும் தனியாக நினைவில் இருக்கட்டும்.

அனுபவம் போதாத ஆளை 'மதா அஓய்' என்பார்கள், இன்னும் காயாகவே இருக்கிறான் என்ற பொருளில். முகம் வெளிறினாலும் அஓய் தான். சங்கப் பாட்டில் தலைவியின் நெற்றியில் படர்கிற பசலையை நினைத்துக்கொள்ளுங்கள், பசுமை வெளிறலுக்கு ஆகி வந்த அதே கதை. கைக்குழந்தை அங்கே அகசான், சிவப்புக் குழந்தை. ஆனால் பழைய சொல் ஒன்றும் இருக்கிறது, மிதோரிகோ. பச்சிளங்குழந்தை என்று அப்படியே தமிழில் சொல்லிவிடலாம். இந்தச் சொல்லை முதலில் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

படி 6: செக்கச்செவேல்

வெறும் சிவப்பு இல்லை, செக்கச்செவேல் என்று சொல்ல மக்கா. வெள்ளைவெளேர் மஸ்ஷிரோ, கன்னங்கரேல் மக்குரோ, அஓவுக்கு மஸ்ஸாஓ. இவற்றுக்கு நடுவில் 'ந' வரும்: மக்கா ந கஓ, செக்கச்செவேல் என்ற முகம். இங்கே எழுதியிருக்கும் இரட்டை மெய்யை நிஜமாகவே அழுத்திச் சொல்ல வேண்டும், ஒரு கணம் நிறுத்திவிட்டு. நாம் பச்சைப் பொய் என்கிறோமே, அவர்களுக்கு அது மக்கா ந உஸோ. பொய் அங்கே செக்கச்செவேல்.

படி 7: வாலை வெட்டி ஒட்டுவது

படி 1-இன் சொற்களில் கடைசி இகரத்தை எடுத்துவிட்டால் அக, ஷிரோ, குரோ, அஓ என்று பெயர்ச்சொல் கிடைக்கும். மஞ்சளுக்கு வெறும் கி. இவற்றை வேறு சொல்லோடு ஒட்டிப் புதுச்சொல் செய்யலாம். ஒரு முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றிப் பாருங்கள்: மஞ்சள் கரு கிமி, வெள்ளைக் கரு ஷிரோமி. மி என்றால் உடல், சதை. மீன் கடையில் ஷிரோமி என்றால் வெள்ளைச் சதை மீன், அகமி என்றால் சூரை மீனின் கொழுப்பில்லாத சிவப்புப் பகுதி.

பயிற்சிக்கு வீட்டில் கண்ணில் படுகிற பத்துப் பொருளைத் தொட்டு 'நானி இரோ தெஸ் க', என்ன நிறம் என்று கேட்டு நீங்களே பதில் சொல்லுங்கள், பதிலில் இகர வால் வருமா நொ வருமா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்து. ஒரு வாரம் ஆனதும் டோக்கியோ ரயில் வரைபடத்தைத் திறந்துவைத்துப் பாதைகளின் நிறத்தைச் சொல்லிப் பாருங்கள். சூஓ விரைவுப் பாதை ஒரென்ஜி, கெய்ஹின் தோஹொக்கு மிஸுஇரோ. நகரைச் சுற்றி ஓடுகிற யமனொதே பாதைக்கு வருவீர்கள், மஞ்சள் கலந்த இளம்பச்சை. அதற்கான சொல்லை நான் மேலே எங்கும் தரவில்லை. கி, மிதோரி இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், கிமிதோரி, சரியான சொல் அதுவே தான்.